மதிய இடைவேளையில் மூன்று மூச்சு

அலுவலகத்தில் அவளுக்கு ஜன்னலக்கா என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தால்தான் மற்றவர்களுக்கு நினைவு வரும். பள்ளி வகுப்பறைகளின் காற்றைக் கண்காணிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. நகரத்துப் பள்ளிகளில் அறைக்கு ஒன்றாக, உள்ளங்கை அகலத்தில் வெள்ளை மீட்டர்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பிள்ளைகள் விடும் மூச்சிலிருந்து அறைக்குள் சேரும் கரியமில வாயுவை அவை நிமிடத்துக்கு நிமிடம் எண்ணாக்கி அனுப்பும். அந்த எண்கள் அவள் திரையில் கோடாக ஓடும். கோடு ஏறினால் அவள் தொலைபேசியை எடுப்பாள்.

"வணக்கம் டீச்சர். பின்பக்க ஜன்னலக் கொஞ்சம் திறந்து விடுறீங்களா?"

"அது மூடியிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திறந்திருந்தா கோடு இப்படி ஏறாதே."

மறுமுனையில் ஒரு கணம் பேச்சு நிற்கும். ஆசிரியர் திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

வேதியியல் படித்தவள். ஏதாவது ஆய்வுக்கூடத்தில் வெள்ளை அங்கி போட்டு நிற்கப் போகிறாள் என்று நினைத்திருந்த அம்மா, இந்த வேலையைக் கேள்விப்பட்டதும், "அடுத்தவங்க மூச்ச எண்ணுறதுக்கா இத்தன படிப்பு?" என்று கேட்டாள். ஆனால் வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எந்தப் பள்ளிக்கும் அவள் நேரில் போனதில்லை. போகாமலே எல்லா அறைகளையும் அறிந்திருந்தாள். பாட்டு வகுப்பு நாளில் கோடு துள்ளிக்கொண்டு ஏறும். தேர்வு நாளில், பிள்ளைகள் மூச்சைக்கூட மிச்சம் பிடிப்பது போலத் தவழும். விளையாட்டு வகுப்புக்கு மணி அடித்து அறை காலியானால் மெல்லச் சரியும். திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, "இந்த வாத்தியார் இன்னிக்கும் பிள்ளைங்கள வெளிய விடல" என்று முணுமுணுப்பாள்.

கணவர் அதே பிரிவில் மீட்டர் மாட்டுபவர். தோளில் மடக்கு ஏணி, இடுப்பில் கருவிப் பை. அலுவலகத்தில் அவருக்கு ஊதுகுழல் என்று பட்டம். மாட்டி முடித்த மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லாருமே அதன்மேல் ஒருமுறை வாயால் ஊதிப் பார்ப்பார்கள். எண் எகிறினால் சரி, இறங்கிவிடுவார்கள். இவர் மட்டும் மூன்று முறை ஊதுவார். ஒன்று ஊதிவிட்டு எண் ஆறும்வரை ஏணியிலேயே நிற்பார். பிறகு இன்னொன்று. மறுபடி ஆறவிட்டு, கடைசியாக ஒரு நீண்ட மூச்சு. ஏன் என்று கேட்டால், "முதல் ஊது தற்செயலா இருக்கலாம். ரெண்டாவது சந்தேகத்துக்கு. மூணாவது சாட்சிக்கு" என்பார்.

அவர்கள் அறிமுகமானதே அப்படித்தான். ஏணியின் உச்சியிலிருந்து ஒரு குரல் தொலைபேசியில், "வந்துச்சாங்க?" என்று கேட்கும். இவள் திரையில் இரண்டு சின்ன ஊசிகளும் ஒரு பெரிய ஊசியும் நிற்கும். "வந்துடுச்சு" என்பாள். வகுப்பின் மூச்சு திரையில் குன்று போல ஏறும், குன்று போலவே இறங்கும். ஒற்றை ஆளின் மூச்சு ஊசி போலக் குத்திவிட்டு விழும். அந்த ஊசிகளைச் சோதனை மூச்சு என்று குறித்துப் பதிவிலிருந்து வெட்டிவிடுவது இவள் பொறுப்பு. ஆக, முகம் பார்ப்பதற்கு முன்பே அந்த மனிதரின் மூச்சை அவள் நிறைய வெட்டியிருந்தாள். பெண் கேட்டு வந்தது அவருடைய அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கல்யாணம் வேண்டாமென்று தம்பியோடேயே இருந்துவிட்டவர். "எங்க தம்பி வீட்டுல பேசவே மாட்டான். உங்ககிட்ட ஃபோன்ல பேசுறானாமே, என்ன பேசுறான்?" என்று பின்னால் அவளுக்கு அண்ணியாகப் போகிற அவர் கேட்டபோது, "வந்துச்சான்னு கேப்பாருங்க. வந்துடுச்சும்பேன்" என்றாள் இவள். "அது போதும்" என்றார் அண்ணி.

அப்படியே பல வருஷம் போதுமாகத்தான் இருந்தது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி மற்றவர்கள் பேசிய அளவுக்கு அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

ஒரு நாள் காலை பேருந்துக்கு நின்றிருந்த அவர், பக்கத்திலிருந்தவரிடம், "கொஞ்சம் இந்த ஏணியப் பிடிச்சுக்குறீங்களா?" என்று கேட்டுக் கொடுத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் போய், கூட்டம் கலைந்த பிறகும், ஏணியை வாங்கியவர் அதைக் கீழே வைக்க மனம் வராமல் நின்றிருக்கிறார். சாயங்காலம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து கொடுத்தார். "என்னை நம்பிக் கொடுத்தாருங்க" என்று மட்டும் சொன்னார். ஏணி நடையில் சாய்த்தபடியே இருந்தது. அண்ணி அதை யாருக்கும் கொடுக்க விடவில்லை.

அவள் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினாள். வீட்டிலிருந்தால் ஏணியையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். புதிதாக வந்த மாட்டுபவர்கள் ஒரு குழாயை வைத்து ஒரே ஊதாக ஊதிவிட்டுப் போனார்கள். திரையில் ஒற்றை ஊசி. வெட்டுவதும் சுலபம்.

அப்புறம் ஒரு மதியம். கடைசி நாட்களில் அவர் மாட்டிவிட்டு வந்த ஒரு பள்ளி. அதன் பின்கட்டில் மூன்றாம் வகுப்பு. மதிய இடைவேளையில் பிள்ளைகள் வெளியேறிக் கோடு சரிந்துகொண்டிருந்தபோது, காலியாக இருக்கவேண்டிய அறையில் ஒரு ஊசி எழுந்தது. அது ஆறியதும் இன்னொன்று. அதுவும் ஆறியதும் நீளமாக ஒன்று.

அவள் டிபன் டப்பாவின் மூடியைக் கையில் வைத்தபடி இருந்தாள். பக்கத்து மேசைப் பெண் ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். விடுமுறை நாட்களில் வரவில்லை. லீவு நாளில் வேலைக்குப் போகிற வழக்கம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை நினைத்துப் பயமாகவும் இருந்தது. மூன்றாவது மூச்சு விழுந்த சற்று நேரத்தில் அறையின் கோடு, யாரோ காற்றைத் திறந்துவிட்டது போல, லேசாக இறங்கும். தினமும் அதே மாதிரி.

நம்பினாள் என்று சொல்ல முடியாது. படித்தவள். செத்தவருக்கு நுரையீரல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நம்பாதவள் அந்த நேரத்துக்குத் தலைமுடியைச் சரி செய்துகொள்ளமாட்டாள். மற்றவர்களோடு சாப்பிடப் போவதை நிறுத்தினாள். மணி நெருங்கும்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். முதல் ஊசி எழும்போது அவளையறியாமல் மூச்சு நின்றுவிடும். மூன்றாவது விழுந்த பிறகுதான் திரும்பும். உதடு மட்டும் "வந்துடுச்சு" என்று அசையும். இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டில் அண்ணியிடம்கூட.

அண்ணி ஏதோ மோப்பம் பிடித்தார். "முகம் தெளிஞ்சிருக்கே, என்ன?" என்றார் ஒரு நாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கு யாரும் ஆபீசுக்கு இப்படி ஓடமாட்டாங்க."

சுவரின் அந்தப் பக்கம் அண்ணி தூக்கத்தில் புரளும் சத்தம் கேட்டால்கூட இப்போது அவளுக்கு வேறு யாரோ போலிருந்தது. குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் துடைக்கக் கை வரவில்லை.

இயற்கைக்கு மாறாக எகிறும் இடங்களைக் கணினியே மஞ்சள் புள்ளி வைத்துக் காட்டும். சோதனை மூச்சென்றால் வெட்டவேண்டும். மீட்டர் கோளாறென்றால் மேலே சொல்லவேண்டும். அவள் இரண்டையும் செய்யாமல் "பிறகு பார்க்க" என்று ஒதுக்கிக்கொண்டே வந்தாள். புள்ளிகள் குவிந்து மேற்பார்வையாளர் கண்ணில் பட்டன. எதைச் சொல்லப் போனாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்று ஆரம்பிப்பவர். அதனால் அவர் பெயர் சுருக்கம் சார்.

"சுருக்கமா சொல்லுங்க. அந்தப் பின்கட்டு அறையில மீட்டர் கெட்டிருக்கா, இல்ல யாராவது கை வைக்கிறாங்களா?"

"பாத்துட்டிருக்கேன் சார்."

"மாசக்கணக்கா பாத்துட்டிருக்கீங்க. நீங்க பாத்த பார்வைக்கே அது கெட்டிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை பட்டியல் மேல போகுதும்மா. எந்தெந்த அறைக்குச் சுவர உடைச்சு ஜன்னல் வைக்கணும், எங்க காற்றாடி போடணும்னு அதுலதான் முடிவாகும். இந்த அறைப் பதிவு நம்ப முடியாதுன்னா மீட்டரக் கழட்டிட்டு அறையப் பட்டியல்லேந்தே எடுத்துடுவேன். எடுத்தா மறுபடி எப்ப வருமோ."

"அங்க பிள்ளைங்க இருக்காங்களே சார்."

"பதிவப் பாத்தா காத்து நல்லாத்தானே இருக்கு. எப்பவும் பச்சை. யாருக்கு நஷ்டம்?" எழுந்தவர் நின்றார். "இன்னொரு விஷயம். புதுசா வர்றவங்களுக்கு ஒரு கையேடு போடறோம். மூணு தடவ ஊதிப் பாக்குறது அவர் முறை. அவர் பேரோடவே போடச் சொல்லியிருக்கேன்."

இதை அவள் வீட்டில் சொன்னதும் அண்ணி எழுந்துபோய் ஏணியைத் துணியால் துடைத்தார். மறுநாள் கண்ணாடிக் கடை முழுக்க, எதிர்க்கடை உட்பட, செய்தி பரவியிருந்தது. "பாடப் புத்தகத்துல வரப்போறான் எங்க தம்பி. மூணாங் கிளாஸ் ரெண்டு தடவ படிச்சவன்."

ஆனால் அவளுக்கு அந்த அறை மட்டும்தான் மனதில் நின்றது. மீட்டரைக் கழற்றினால் மதியத்தில் மூச்சும் இல்லை. கழற்றாமல் இருக்கவேண்டுமென்றால் அது என்ன மூச்சு என்று அவளே சொல்லியாகவேண்டும். முதன்முறையாக ஒரு பள்ளிக்கு நேரில் கிளம்பினாள்.

பின்கட்டு அறையைப் பார்த்ததும் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. திரையில் எவ்வளவு நெருக்கமாக இருந்த இடம். இங்கே தாழ்ந்த கூரை, பென்சில் சீவலும் வியர்வையும் கலந்த வாடை, நெருக்கி உட்கார்ந்த பிள்ளைகள். முன்வரிசையில் ஒரு சிறுமி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு அறுக்கும் பட்டறை. ஜன்னல் சட்டங்களில் சத்தத்துக்காக ரப்பர் பட்டை ஒட்டி, ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஆணி அடித்து மூடியிருந்தது. மீட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தலைமையாசிரியர் ஓய்ந்துபோன மனிதர். "திறந்தா பாடம் கேக்காது. மூடினா பிள்ளைங்க தூங்குறாங்க. நான் எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க. சிவப்பு எரிஞ்சா பத்து நிமிஷம் திறக்கணும்னு உங்க ஆபீஸ் ஒட்டின தாள் இருக்கு. எரியுறப்ப திறக்குறோம். மதியம் நான் ரவுண்டு வர்ற நேரம் பாத்து எரியுது, அதுக்கும் என்மேல ஏதோ கோவம்."

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். அவள் தாழ்வாரத்தில், கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே யாருமில்லை. அறையின் மூலையில் நிழல் அசைந்தால் தன்னால் தாங்க முடியுமா என்று யோசித்தாள். அசையாவிட்டால் தாங்க முடியுமா என்றும்.

மறுகோடிக் கதவு திறந்து மூன்றாம் வகுப்பு டீச்சர் வந்தார். கனத்த உடம்பு. நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மீட்டரருகில் முகத்தைக் கொண்டுபோய் ஊதினார். காத்திருந்தார். ஊதினார். காத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, உடம்பிலிருக்கும் காற்றையெல்லாம் திரட்டி, நீளமாக ஊதினார். விளக்கு சிவப்பானது.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பொறாமைதான் வந்தது. கணவர் மூச்சு விடும் முறை இன்னொரு பெண்ணின் உடம்பில் இத்தனை ஒழுங்காகக் குடியிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

டீச்சர் நாற்காலி மேலேயே நின்றார். "யாருங்க?"

"காத்துப் பிரிவுலேந்து வர்றேன்."

"அப்ப மாட்டிக்கிட்டேன்." அவர் இறங்க முயன்றார். "கொஞ்சம் கை கொடுங்க. மாட்டினாலும் விழாம மாட்டுறேன்."

கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். டீச்சருக்கு மூச்சு வாங்கியது.

"ஏன் டீச்சர் இப்படி?"

"என்ன பண்ணச் சொல்றீங்க? பிள்ளைங்க தலைவலின்னு அழுவுதுங்க. எனக்கே மதியம் கண்ணு இருட்டுது. இது மட்டும் பச்சையா சிரிச்சுக்கிட்டிருக்கு. பச்சையா இருக்கையில ஜன்னலத் திறங்கன்னா ஹெட்மாஸ்டர் திறக்கமாட்டார். அதான் அவர் வர்ற நேரத்துக்குச் சிவப்பாக்கி வச்சிடுவேன். பத்து நிமிஷமாவது பிள்ளைங்க நல்ல காத்து குடிக்கட்டுமே."

"மூணு தடவ ஊதணும்னு யார் சொன்னா?"

"இத மாட்ட வந்தவர். நல்ல மனுஷன். பெட்டி வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்குறதுன்னு கேட்டேன், பொறுமையா சொல்லிக் கொடுத்தார். அவரச் சொல்லிக் குத்தமில்ல, நான்தான் இப்படிப் பயன்படுத்துறேன்." டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். "அவர் இப்பல்லாம் வர்றதில்லையா? வேற வேலைக்குப் போயிட்டாரா?"

அவள் மீட்டரைப் பார்த்தாள்.

"ஆமா டீச்சர்" என்றாள்.

அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் டீச்சர் சொன்ன ஒன்று உறுத்தியது. பச்சையாகச் சிரிக்கிறது. நெருக்கமான அறை, மூடிய ஜன்னல். அவளுக்கே இங்கே நின்றதில் நெற்றி கனத்தது. இப்படி ஓர் அறை எப்படிப் பச்சையில் இருக்கும்? இத்தனை நாள் திரையில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தும் இதைக் கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. மதியத்து மூன்று ஊசிகளைத் தவிர அந்தக் கோட்டில் வேறெதையும் அவள் பார்த்ததே இல்லை.

மீட்டரைக் கழற்றி மைதானத்துக்கு எடுத்துப் போனாள். பட்டறைச் சத்தத்துக்கு அப்பால், மரமில்லாத வெட்டவெளியில், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிக்காற்று எங்கே அளந்தாலும் நானூறைச் சுற்றித்தான் இருக்கும். எண் இறங்கியது. நானூறைத் தாண்டியது. முந்நூறு. இருநூறு. நூற்றுச் சொச்சத்தில் போய் நின்றது. பூமியில் எங்குமே இல்லாத காற்று அது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த மீட்டர்களுக்குத் தானே கற்றுக்கொள்ளும் வித்தை ஒன்று உண்டு. வாரத்தில் மிகக் குறைவாகத் தென்படும் எண்ணை, அறை காலியாகி வெளிக்காற்று நிரம்பிய நேரம் என்று எடுத்துக்கொண்டு, அதையே நானூறு என்று திருத்திக்கொள்ளும். இரவில் காலியாகிற அறைக்கு அது சரி. இரவிலும் காலியாகாத, காற்றே புகாத அறையில் நேற்றைய புழுக்கத்தையே சுத்தக் காற்று என்று பழகிவிடும். அதனால் மாட்டுபவர் பள்ளியில் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: ராத்திரி இந்த அறையில் யாராவது இருப்பார்களா? இருப்பார்களென்றால் அந்த வித்தையை நிறுத்திவிட்டு வரவேண்டும்.

அறைக்குத் திரும்பி அதையே கேட்டாள். பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த பாயைக் காட்டி, "வாட்ச்மேன் அண்ணன் இங்கதான் படுப்பார். கட்டடம் கட்டின நாள்லேந்து" என்றார் டீச்சர். "சாயங்காலம் ட்யூஷன் வேற."

"மீட்டர் மாட்ட வந்தவர் இதக் கேட்டாரா?"

டீச்சர் யோசித்தார். "இல்லையே. அன்னிக்கு அவர் கொஞ்சம் களைச்சிருந்தார். நெஞ்சத் தடவிக்கிட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சார்."

அவள் மீட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவள் என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்று நினைவைத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கம்போல ஒரு சாயங்காலம்.

அலுவலகம் திரும்பி நடந்ததைச் சொன்னாள். சுருக்கம் சார் இந்த முறை சுருக்கமாகச் சொல்லச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர் ஊதினது உண்மைதானேம்மா. அதையே காரணமா போட்டுடலாம். ஆள் கை வச்ச மீட்டர், பதிவு செல்லாது. முடிஞ்சது."

"டீச்சருக்கு என்ன ஆகும்?"

"விளக்கம் கேப்பாங்க. ஒரு கண்டிப்பு. அவங்க சமாளிச்சுக்குவாங்க."

"அறை?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க சொல்றத எழுதணும்னா மாட்டினவர் பிழைன்னு எழுதணும். யார் மாட்டினதுன்னும் எழுதணும். தப்பா மாட்டினவர் பேர்லயா கையேட்டுல முறை போடறீங்கன்னு மேல கேப்பாங்க. என்னால அப்புறம் காப்பாத்த முடியாது" என்றார்.

"அவர் எல்லா எடத்துலயும் கேப்பார் சார். அன்னிக்கு ஒரு நாள்தான் விட்டிருக்கார்."

"தெரியும்மா. அத எழுத எடமில்லையே."

அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்துகொண்டு தூங்கிய அந்தச் சிறுமியை நினைத்தாள். தெரிந்திருந்தால் அவர் மறுபேருந்திலேயே ஏணியோடு திரும்பிப் போயிருப்பார், வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏறியிருப்பார். கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில் மாட்டியவர் பிழை என்று எழுதினாள். பெயர் கேட்ட இடத்தில் பெயரை எழுதினாள். வீட்டில் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. விரல்களுக்கு அது அன்னியமாக இருந்தது.

பிறகு பதிவைத் திருத்தினாள். மீட்டர் விழுங்கிய இருநூற்றுச் சொச்சத்தை ஒவ்வொரு நாளிலும் கூட்ட, பச்சைக் கோடு மஞ்சளைத் தாண்டி நாள்தோறும் சிவப்பில் போய் நின்றது. ஒதுக்கி வைத்திருந்த மஞ்சள் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து வெட்டினாள். அது டீச்சரின் மூச்சு என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு மூன்றாவது ஊசியிலும் கை நின்று நின்றுதான் போயிற்று. பிறகு டீச்சரைக் கூப்பிட்டு, "இனிமே ஊதவேண்டாம் டீச்சர். உங்க பெட்டியச் சரி பண்ணிட்டோம், அதுவே சிவப்பாகும். மேல எழுதினதுல உங்க பேர் வராது" என்றாள். "அப்பாடா. என் முழங்கால் உங்களுக்கு நன்றி சொல்லுது" என்றார் அவர்.

அறை பட்டியலில் ஏறியது. மைதானப் பக்கத்துச் சுவரை உடைத்து இரண்டு ஜன்னல் வைக்க உத்தரவாயிற்று. கையேடும் வந்தது. "மூன்று முறை, இடைவெளி விட்டு ஊதவும்" என்ற வரி இருந்தது. யார் முறை என்று இல்லை.

அண்ணி பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். லென்ஸ் தேய்க்கிற கண், எழுத்து தப்பாது.

"எங்கடி அவன் பேரு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மதியங்களைப் பற்றிக்கூட.

"நீயேவா எழுதின?"

"ஆமா அண்ணி."

"வேற யாராவது எழுதியிருந்தா அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பேன்." கையேட்டை மூடினார். "நெஞ்சத் தடவினான்னா சொன்னாங்க? எந்தப் பக்கம்?"

"கேக்கல அண்ணி."

"கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "கேக்காததும் நல்லதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் அந்த அறையின் கோடு எல்லா அறைகளையும் போலச் சரிந்து, எல்லா அறைகளையும் போல ஏறியது. அவள் சில நாள் பார்த்தாள். பிறகு சுருக்கம் சாரிடம் போய், வெளிவேலை வேண்டுமென்று கேட்டாள். கணவர் மாட்டிய மற்ற மீட்டர்களையும் ஒருமுறை சோதிக்கவேண்டும், ஓரிடத்தில் விட்டவர் இன்னோரிடத்தில் விட்டிருக்கலாம், பிள்ளைகள் விஷயம் என்றாள். நியாயமான காரணம். அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

இப்போது அவள் பள்ளி பள்ளியாகப் போகிறாள். ராத்திரியில் அறையில் யாராவது இருப்பார்களா என்று கேட்கிறாள். மீட்டரைக் கழற்றி வெட்டவெளிக்குக் கொண்டுபோய்க் கையை நீட்டிப் பிடிக்கிறாள். இருநூறாகவோ நூறாகவோ ஆகட்டும், அந்த மூன்று மூச்சு இன்னோர் அறையிலாவது மிச்சமிருக்கட்டும் என்று, இருக்கக்கூடாத அந்தக் காற்றுக்காக, அவள் மனம் வேண்டிக்கொள்வது அவளுக்கே கேட்கிறது. எண் இறங்கி வந்து நானூறில் நிற்கும். அசையாது. இங்கேயும் அவர் கேட்டிருக்கிறார், நிறுத்தவேண்டியதை நிறுத்தியிருக்கிறார், மறக்கவில்லை. மீட்டர் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, அடுத்த பள்ளிக்குப் பேருந்து எங்கே நிற்கும் என்று விசாரிக்கிறாள்.